நான்கு முதல் தேர்வுகள், ஒரே ஒரு கோப்பை
(ஒரு பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் வடமேற்கில், ஆரிகன் மாநிலத்தில், வில்லாமெட் ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் ஊர் போர்ட்லண்ட். என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறை லீகில் ஆடும் அந்த ஊரின் கூடைப்பந்து அணி ட்ரெயில் பிளேசர்ஸ், 1970-ல் தொடங்கியது. புதிதாக வரும் ஆட்டக்காரர்களில் யாரை வேண்டுமானாலும் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளும் உரிமை அந்த அணிக்கு நான்கு முறை கிடைத்தது: 1972, 1974, 1978, 2007. நான்கு முறையும் அவர்கள் எடுத்தது கூடைக்கு அடியில் நின்று ஆடும், சென்டர் எனப்படும் நெடிய ஆட்டக்காரரை. 1984-ல் இரண்டாவது இடம் கிடைத்தபோதும் அப்படித்தான். இத்தனைக்கும் பிறகு அந்த அணி வென்ற கோப்பை ஒன்றே ஒன்று, 1977-ல்.

இந்தக் கணக்கைப் போர்ட்லண்ட் ரசிகர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அணியின் மிக மோசமான தேர்வு எது என்று கேட்டால் தாத்தா லாரூ மார்ட்டின் என்பார், அப்பா சாம் போவி என்பார், பேரன் கிரெக் ஓடன் என்பான். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிவிடும். நீண்ட காலம் அந்த ஊருக்கென்று இருந்த ஒரே பெரிய தொழில்முறை அணி அதுதான். 1977 முதல் 1995 வரை தொடர்ந்து 814 ஆட்டங்களுக்கு அரங்கில் ஒரு சீட்டு மிச்சமில்லாமல் விற்றுத் தீர்ந்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தவறான தேர்வு, நிர்வாகத்தின் தவறாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வீட்டில் நடந்த இழப்பைப் போல நினைவில் தங்கிவிடுகிறது.

புதியவர்களை இப்படி எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் என்னும் ஏற்பாடு நம் ஊர் வாசகருக்குச் சற்றுப் புதிது. ஐ.பி.எல். ஏலத்தில் பணம் உள்ளவர் பலகையைத் தூக்கலாம். இங்கே பணத்துக்கு வேலையில்லை, வரிசைக்குத்தான் வேலை. போன சீசனில் மோசமாகத் தோற்ற அணிகள் முன்னால் நிற்கும், நன்றாக ஆடியவை பின்னால் நிற்கும். முறை வரும்போது ஒரு பெயரைச் சொன்னால் அந்த இளைஞர் அந்த அணிக்கு. முதலிடம் யாருக்கு என்பதை 1984 வரை கிழக்கு, மேற்கு இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கு இடையே நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். 1985 முதல் குலுக்கல் வந்தது. வேண்டுமென்றே தோற்று முன்வரிசைக்கு வரக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இன்னொன்று முக்கியம்: ஓர் அணி தன் முறையை, பல ஆண்டுகள் முன்கூட்டியேகூட, இன்னொரு அணிக்குக் கைமாற்றலாம். இன்று விற்ற ஓர் ஆட்டக்காரருக்கான உண்மையான விலை மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியவரும்.

ரசிகர்கள் இந்த வழக்கில் தரும் தீர்ப்பில் ஒரு குழப்பம் உண்டு. எடுத்த முடிவையும் அதன் விளைவையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். ஓர் இளைஞரின் முழங்கால் பின்னாளில் நொறுங்கியது என்பதற்காக, அவரைத் தேர்ந்தெடுத்த இரவில் எடுத்த முடிவு மடத்தனமாகிவிடாது. அந்த இரவில் என்ன தெரிந்திருந்தது, கையில் கிடைத்த தகவலை நிர்வாகம் எப்படி எடை போட்டது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் போர்ட்லண்டின் ஐம்பதாண்டுக் கதையில் ஒரு கோலம் தெரிகிறது. இருக்கிற ஆளை மறந்துவிட்டு, வந்திருப்பவர்களில் சிறந்தவரை எடுத்தபோது அந்த அணி பெரும்பாலும் பிழைத்தது. அணியில் இந்த இடம் காலி, இந்த இடம் நிரம்பிவிட்டது என்று கணக்குப் பார்த்தபோது பெரும்பாலும் சறுக்கியது.

முதலில் தாத்தாவின் வாதம்.

1972-ல் முதலிடம் கையில் இருந்தது. சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தில் ஆடிய லாரூ மார்ட்டினை எடுத்தார்கள். கல்லூரி நாள்களில் யு.சி.எல்.ஏ. அணியின் பில் வால்டனுக்கு எதிராக அவர் சிறப்பாக ஆடிய ஓர் ஆட்டம் அவருடைய மதிப்பை உயர்த்தியிருந்தது. அடுத்த இடத்தில் பஃபலோ அணி பாப் மக்கடூவை எடுத்தது. மக்கடூ 1975-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார், பின்னர் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். அதே டிராஃப்டில் 12-வதாகப் போனவர் ஜூலியஸ் எர்விங். மார்ட்டின் போர்ட்லண்டில் நான்கு சீசன் ஆடினார். சராசரியாக ஆட்டத்துக்கு 5.3 புள்ளி. அத்தோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது.

உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்ல வழியில்லை. காயம் இல்லை, விபத்து இல்லை. ஆளை மதிப்பிட்டதில் நேர்ந்த பிழை இது. ஓர் ஆட்டத்தின் வெளிச்சம் மொத்த மதிப்பீட்டின் மீதும் படிந்துவிட்டது. மார்ட்டின் பின்னாளில் யூ.பி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்து பெரிய பொறுப்புக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்வு பொய்த்ததே தவிர, அந்த மனிதர் பொய்த்துப் போகவில்லை.

இரண்டே ஆண்டில், 1974-ல், மறுபடியும் முதலிடம். அணியில் ஏற்கெனவே முதலிடம் கொடுத்து வாங்கிய சென்டர் ஒருவர் இருக்கிறார். "அந்த இடம் நிரம்பிவிட்டது, வேறு ஆளைப் பார்ப்போம்" என்று யாராவது சொல்லியிருந்தால்? நல்லவேளை, அப்படி நடக்கவில்லை. மார்ட்டின் கல்லூரியில் எதிர்த்து ஆடிய அதே பில் வால்டனை எடுத்தார்கள். முதல் இரண்டு சீசன் காயங்களிலேயே கழிந்தது. 1976-ல் ஜாக் ராம்சே பயிற்சியாளராக வந்தார். 1977 இறுதிச் சுற்றில் பிலடெல்பியாவிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு, அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்றார்கள். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் வால்டன்.

அடுத்த சீசனில் முதல் 60 ஆட்டங்களில் 50 வெற்றி. அப்போது வால்டனின் பாதம் முறிந்தது. அவருக்கு அளித்த சிகிச்சை குறித்து அணியோடு மனக்கசப்பு ஏற்பட்டு, ஒரு சீசன் முழுக்க ஆடாமல் இருந்து, 1979-ல் சான் டியாகோவுக்குப் போய்விட்டார். போர்ட்லண்டுக்காக லீக் ஆட்டங்களில் அவர் இறங்கியது வெறும் 209 முறை. விளைவை மட்டும் பார்த்தால், சிறந்த தேர்வு என்று போற்றப்படும் வால்டனும் காயத்தால் பாதியில் முடிந்த கதைதான். கோப்பை வந்துவிட்டதால் யாரும் அவரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

கோப்பை வந்த மகிழ்ச்சியில் ஊர் கவனிக்காமல் விட்ட ஒரு பரிமாற்றமும் உண்டு. 1976-ல் போட்டி லீகான ஏ.பி.ஏ. கலைக்கப்பட்டு, அதன் ஆட்டக்காரர்கள் பங்கிடப்பட்டபோது மோசஸ் மலோன் என்ற இளைஞர் போர்ட்லண்டுக்கு வந்தார். வால்டன் இருக்கிறார், மாரிஸ் லூகாஸ் இருக்கிறார், மூன்றாவதாக ஒரு பெரிய ஆள் எதற்கு? சீசன் தொடங்கும் நேரத்தில் மலோனைப் பஃபலோவுக்கு அனுப்பி, பதிலுக்கு 1978 டிராஃப்டில் ஒரு முறையை வாங்கிக்கொண்டார்கள். மலோன் அங்கிருந்தும் ஹூஸ்டனுக்குப் போய், பின்னர் மூன்று முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பஃபலோவிடம் வாங்கிய அந்த முறையையும் ஜானி டேவிஸையும் இண்டியானாவுக்குக் கொடுத்து 1978-ன் முதலிடத்தைப் பெற்றார்கள். அதில் வந்தவர் பஹாமாஸ் தீவுகளில் பிறந்த மைக்கல் தாம்சன், முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் வெளிநாட்டுப் பிறப்பாளர். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் அந்த ஆண்டு ஆறாவது இடத்தில் பாஸ்டன் எடுத்தவர் லாரி பேர்ட். கல்லூரியில் அவருக்கு இன்னும் ஓராண்டு பாக்கி இருந்தது. பாஸ்டன் காத்திருக்கத் துணிந்தது.

இனி அப்பாவின் வாதத்துக்கு வருவோம். இதில்தான் சத்தம் அதிகம்.

1984-ன் கதை 1983-லேயே தொடங்கிவிடுகிறது. அந்த ஆண்டு போர்ட்லண்டின் முறை 14-வது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் கிளைட் டிரெக்ஸ்லர் இன்னும் மிச்சமிருந்தார். சொந்த ஊரின் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு முதல் மூன்று இடங்களில் இரண்டு முறை வாய்த்தும் அவரை எடுக்கவில்லை. போர்ட்லண்டிலோ அவர் ஆடும் இடத்தில் ஜிம் பேக்ஸன் இருந்தார், அந்த ஆண்டுதான் லீகின் தலைசிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குப் போய்வந்தவர். இடம் நிரம்பியே இருந்தது. இருந்தும் அணியின் ஆட்டக்காரர் தேர்வைக் கவனித்த ஸ்டூ இன்மன் டிரெக்ஸ்லரை எடுத்தார். பன்னிரண்டு சீசன் அந்த அணியைத் தாங்கப்போகிற ஆள், 14-வது இடத்தில்.

சரியாக ஓராண்டு கழித்து அதே இன்மன் வேறு கணக்குப் போட்டார்.

1981-ல் டாம் ஓவன்ஸ் என்ற மூத்த சென்டரை இண்டியானாவுக்குக் கொடுத்து, அவர்களுடைய 1984 முறையைப் போர்ட்லண்ட் வாங்கி வைத்திருந்தது. ஓவன்ஸ் இண்டியானாவில் ஒரே சீசன் ஆடினார். இண்டியானா 1984-ல் கிழக்குப் பிரிவின் கடைசி அணியாக முடிந்தது. அந்த சீசனில் 48 ஆட்டம் வென்ற வலுவான அணியின் கையில், நாணயம் சுண்டும் வாய்ப்பு வந்து விழுந்தது. சுண்டினார்கள். ஹூஸ்டன் வென்றது. ஹூஸ்டன் எடுத்தது ஹக்கீம் ஒலாஜுவானை. நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் போர்ட்லண்டும் அவரைத்தான் எடுத்திருக்கும். அதில் இரண்டு கருத்து இல்லை.

1984 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் போர்ட்லண்ட் இரண்டாவதாகச் சொன்ன பெயர் சாம் போவி, கென்டக்கி பல்கலைக்கழகத்தின் 7 அடி 1 அங்குல சென்டர். மூன்றாவதாகச் சிகாகோ சொன்ன பெயர் மைக்கேல் ஜோர்டன். ஐந்தாவது சார்லஸ் பார்க்லி. 16-வது ஜான் ஸ்டாக்டன்.

நிர்வாகத்தின் தரப்பையும் கேட்க வேண்டும். டிராஃப்டுக்குச் சில நாள் முன்னால்தான் கிக்கி வாண்டவே என்ற புள்ளிக்காரரை டென்வரிலிருந்து வாங்க, சென்டர் வேய்ன் கூப்பர் உட்பட மூன்று பேரைக் கொடுத்திருந்தார்கள். கூடைக்கு அடியில் ஆள் குறைந்துவிட்டது. ஜோர்டன் ஆடும் இடத்திலோ பேக்ஸன், டிரெக்ஸ்லர் என இரண்டு பேர். அந்தக் காலத்தில் சென்டர் இல்லாமல் கோப்பை வெல்ல முடியாது என்பது வேதவாக்கு. 1977-ல் வால்டனை வைத்து வென்ற ராம்சேதான் இன்னும் பயிற்சியாளர். ஒலிம்பிக் அணிக்குப் பயிற்சியளித்த பாப் நைட், ஜோர்டனை எடுக்கும்படி இன்மனிடம் வற்புறுத்தினார் என்றும், எங்களுக்குச் சென்டர் வேண்டும் என்று இன்மன் சொன்னபோது, அப்படியானால் ஜோர்டனையே சென்டராக ஆட வையுங்கள் என்று பதில் வந்தது என்றும் ஒரு கதை பலகாலமாகச் சொல்லப்படுகிறது.

ஜோர்டன் ஜோர்டன் ஆவார் என்று தெரியாதது குற்றமில்லை. சிகாகோவுக்கே அது தெரியாது. போர்ட்லண்டின் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. போவி இடது கீழ்க்கால் எலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு முழு சீசன்களை இழந்தவர். அது ரகசியம் அல்ல, எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதனால்தான் அவரை மணிக்கணக்கில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். காலில் தட்டிப் பார்த்தபோது வலித்ததாகவும், வலிக்கவில்லை என்று மருத்துவர்களிடம் சொல்லிவிட்டதாகவும் 2012-ல் ஓர் ஆவணப்படத்தில் போவியே சொன்னார். ரசிகர்கள் கொதித்தார்கள். 23 வயது இளைஞர், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை திறக்கும் கதவின் முன்னால் நிற்கிறார். அவர் பொய் சொல்லக்கூடும் என்பதை எதிர்பார்க்க வேண்டியது பரிசோதனை செய்கிறவர்களின் வேலை.

போவி முதல் சீசனில் 76 ஆட்டம் ஆடி, சிறந்த புதுமுகங்களின் அணியிலும் இடம்பிடித்தார். பிறகு எலும்புகள் ஒவ்வொன்றாக முறிந்தன. 38, 5, ஒன்றுமில்லை, 20. ஐந்து ஆண்டில் மொத்தம் 139 ஆட்டம். ஜோர்டனுக்கும் இரண்டாவது சீசனிலேயே பாதம் முறிந்து, அந்த ஆண்டு வெறும் 18 ஆட்டம்தான் ஆடினார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவருடைய எலும்பு கூடியது. போவியினுடையது கூடவில்லை.

1992 இறுதிச் சுற்றில் விதி இரண்டு அணிகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஜூன் 3 அன்று சிகாகோவில் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே ஜோர்டன் 35 புள்ளி எடுத்தார். தூரத்திலிருந்து ஆறாவது மூன்று புள்ளிப் பந்து உள்ளே விழுந்ததும், எனக்கே புரியவில்லை என்பதுபோல் தோளைக் குலுக்கினார். அந்தப் படம் உலகம் சுற்றியது. ஆறாவது ஆட்டத்தில் கடைசிக் காற்பகுதி தொடங்கும்போது போர்ட்லண்ட் 15 புள்ளி முன்னால் இருந்தது. அதையும் தோற்று, கோப்பையைச் சிகாகோவுக்குக் கொடுத்தது.

அப்பாக்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தாமல் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1990-லும் 1992-லும் இறுதிச் சுற்றுவரை போன அந்த அணி எப்படி உருவானது? டிரெக்ஸ்லர், 14-வது இடம். டெர்ரி போர்ட்டர், 1985-ல் 24-வது இடம். ஜெரோம் கெர்ஸி, 46-வது இடம். அதுவும் போவியை எடுத்த அதே 1984 டிராஃப்டில், லாங்வுட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து. பவர் ஃபார்வர்டு பக் வில்லியம்ஸ் 1989-ல் நியூ ஜெர்ஸியிலிருந்து வந்தவர். அவருக்குப் பதிலாக நியூ ஜெர்ஸிக்குப் போனது ஒரு டிராஃப்ட் முறையும் சாம் போவியும்தான். மிக மோசமான தேர்வு என்று சபிக்கப்படுகிறவர், பதினைந்து ஆண்டில் அந்த அணி கண்ட சிறந்த ஐவரில் ஒருவருக்கான விலையாகியிருக்கிறார்.

1986 டிராஃப்டை இன்னும் வினோதம் என்றே சொல்ல வேண்டும். 24-வது இடத்தில் சோவியத் லிதுவேனியாவின் அர்விதாஸ் சபோனிஸ், 60-வது இடத்தில் யுகோஸ்லாவியாவின் திராஜென் பெத்ரோவிச். ஐரோப்பாவின் இரண்டு மிகப் பெரிய ஆட்டக்காரர்கள், பனிப்போர் முடியாத காலத்தில். சபோனிஸின் குதிகால் தசைநாண் அறுந்தபோது 1988-ல் போர்ட்லண்டுக்கு வரவழைத்துச் சிகிச்சைக்கு உதவினார்கள். தேறிய சபோனிஸ் சோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக இறங்கினார். அரையிறுதியில் அமெரிக்கா தோற்றது, சோவியத் யூனியன் தங்கம் வென்றது. அவர் ஒருவழியாகப் போர்ட்லண்ட் சட்டையை அணிந்தது 1995-ல், 30 வயதில், ஓட்டமெல்லாம் போன கால்களோடு. அப்போதும் அவர் கொடுத்த பாஸ்களைப் பார்த்து அரங்கம் எழுந்து நின்றது. தேர்வு அபாரம், காலம்தான் கைகொடுக்கவில்லை.

பேரன் இன்னும் பொறுமையாகக் காத்திருக்கிறான். அவனுடைய வாதத்துக்கு முன்னால், யாருமே குரல் உயர்த்தாத ஓர் ஆண்டைச் சொல்லியாக வேண்டும்: 2005.

முந்தைய சீசனில் 27 வெற்றி மட்டுமே பெற்றிருந்த போர்ட்லண்டின் கையில் மூன்றாவது முறை இருந்தது. அந்த ஆண்டு டிராஃப்டில் பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் உயர்தரப் பாயிண்ட் கார்டுகள் இருவர் இருந்தார்கள் என்பது எல்லோரும் அறிந்தது: டெரன் வில்லியம்ஸ், கிறிஸ் பால். அணியில் ஏற்கெனவே செபாஸ்டியன் டெல்ஃபேர் இருந்தார், உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர், முந்தைய ஆண்டு 13-வதாக எடுக்கப்பட்டவர். பாயிண்ட் கார்டு இடத்துக்கு ஆள் இருக்கிறார் என்று, மூன்றாவது முறையை யூட்டாவுக்குக் கொடுத்துவிட்டு ஆறாவது இடத்துக்குப் பின்வாங்கினார்கள். கூடவே இரண்டு சிறிய முறைகள் கிடைத்தன. யூட்டா வில்லியம்ஸை எடுத்தது. நான்காவதாக நியூ ஆர்லியன்ஸ் பாலை எடுத்தது. போர்ட்லண்டுக்கு வந்தவர் மார்ட்டெல் வெப்ஸ்டர், தூரத்திலிருந்து நன்றாக எறியக்கூடிய ஒரு பள்ளி மாணவர். பால் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுகம் விருது பெற்று, பின்னர் 12 முறை ஆல் ஸ்டார் ஆனார். போர்ட்லண்ட் அடுத்த சீசனில் 21 வெற்றி, 61 தோல்வி. லீகிலேயே கடைசி இடம்.

இதில் துரதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. யாருடைய எலும்பும் முறியவில்லை, நாணயம் தப்பாக விழவில்லை. ஓராண்டு ஆடி இன்னும் தன்னை நிரூபிக்காத ஒருவருக்காக இடத்தைப் பாதுகாத்து, கைக்கெட்டிய இரண்டு பெரிய திறமைகளையும் விட்டார்கள். முடிவெடுத்த முறையை வைத்துத் தீர்ப்பு எழுதினால் போர்ட்லண்டின் மிக மோசமான டிராஃப்ட் இரவு இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இதை நினைத்து அந்த ஊரில் யாரும் அழுவதில்லை. காரணம் எளிது. அடுத்த ஆண்டே நிர்வாகம் அதை மூடி மறைக்கும் அளவுக்கு நன்றாக வேலை செய்தது. 2006-ல் டெல்ஃபேரைப் பாஸ்டனுக்குத் தள்ளி ஏழாவது முறையை வாங்கி, அதில் எடுத்த ராண்டி ஃபாயைக் கொடுத்து பிராண்டன் ராயை வாங்கினார்கள். சிகாகோவோடு ஒரு பரிமாற்றத்தில் லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் வந்தார். ஒரே இரவில் இரண்டு ஆல் ஸ்டார்கள்.

ராய் 2007-ல் சிறந்த புதுமுகம். மூன்று முறை ஆல் ஸ்டார். பிறகு அவருடைய முழங்கால்களும் தேய்ந்தன. 2011 ஏப்ரலில் டல்லஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் 23 புள்ளி பின்தங்கியிருந்த அணியை, கடைசிக் காற்பகுதியில் மட்டும் 18 புள்ளி எடுத்து, 84-82 என்று கரையேற்றினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். அவருக்கு அப்போது வயது 27.

இப்போது பேரனின் முறை. 2007 மே 22 குலுக்கலில் முதலிடம் கிடைக்கப் போர்ட்லண்டுக்கு இருந்த வாய்ப்பு 5.3 விழுக்காடு. அதிர்ஷ்டம் அடித்தது. முன்னால் இரண்டு பெயர்கள்: ஒஹையோ ஸ்டேட்டின் ஏழடிச் சென்டர் கிரெக் ஓடன், டெக்சாஸின் கெவின் டுரான்ட். ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஜூன் 28 அன்று பொது மேலாளர் கெவின் பிரிச்சர்ட் ஓடனை எடுத்தார். செப்டம்பரில் ஓடனின் வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. முதல் சீசன் முழுக்கப் போனது. 2009 டிசம்பர் 5 அன்று இடது முழங்கால் சில்லு உடைந்தது. போர்ட்லண்டுக்காக அவர் மொத்தம் ஆடியது 82 ஆட்டம், அதாவது ஒரு சீசனில் எத்தனை ஆட்டமோ அத்தனை. டுரான்ட் நான்கு முறை லீகின் அதிகப் புள்ளிக்காரர், 2014-ல் மிகச் சிறந்த ஆட்டக்காரர், 2017-லும் 2018-லும் கோப்பை.

பேரனின் கோபம் நியாயம். அவன் தீர்ப்பு நியாயமில்லை. 2007-ல் லீகின் பெரும்பாலான அணிகளின் நிர்வாகிகளும் ஓடனைத்தான் எடுத்திருப்பார்கள். டுரான்ட் அந்த ஆண்டு உடல்திறன் சோதனையில் 185 பவுண்டு எடையை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. ஓடனோ, வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை நடந்து, கல்லூரி சீசனின் ஒரு பகுதியை இடது கையால் ஆடியே அணியைத் தேசிய இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவர். காலியாக இருந்த இடமும், கண்ணுக்குத் தெரிந்த திறமையும் அன்று ஒரே ஆளைக் காட்டின. போவிக்கும் ஓடனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. போவியின் கால் போர்ட்லண்டுக்கு வருமுன்பே இரண்டு ஆண்டைத் தின்றிருந்தது. ஓடன் முழங்காலுக்காக ஒரு சீசனையும் இழக்காமல் வந்தவர். இருவரையும் ஒரே கயிற்றில் கட்டுவது, பேச்சுக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கயிறு கட்டப்பட்டவர்களின் கழுத்தை இறுக்கியது என்பதையும் ரசிகர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகப் பெரிய ஏமாற்றமாகத்தான் தன்னை நினைவு வைத்திருப்பார்கள் என்று ஓடன் 2016-ல் பேட்டியில் சொன்னார். குடிப்பழக்கத்தோடு போராடியதையும் வெளிப்படையாகப் பேசினார். பிறகு ஒஹையோ ஸ்டேட்டுக்குத் திரும்பிப் போய்ப் படிப்பை முடித்து, 2022-ல் பட்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் நிர்வாகப் பொறுப்பில் சேர்ந்தார். முதலிடத்தில் தன்னை எடுக்கும்படி எந்த இளைஞரும் உத்தரவிடுவதில்லை. எண் அவர்மேல் ஒட்டப்படுகிறது.

சிறந்த தேர்வு எது என்ற கேள்வியில் மூன்று தலைமுறையும் கொஞ்சம் சமாதானமாகிவிடும். 2012 மார்ச்சில் ஜெரால்ட் வாலஸை நியூ ஜெர்ஸிக்குக் கொடுத்து, அவர்களுடைய முதல் சுற்று முறையை வாங்கினார்கள். முதல் மூன்று இடத்துக்குள் விழுந்தால் நியூ ஜெர்ஸியே வைத்துக்கொள்ளும் என்பது நிபந்தனை. விழுந்தது ஆறாவது இடம். அதில் வந்தவர் டேமியன் லில்லார்ட், யூட்டாவின் வீபர் ஸ்டேட் என்ற, பெரிய அணிகளின் தேர்வாளர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத கல்லூரிக்காரர். சிறந்த புதுமுகம் விருதை ஒருமனதாகப் பெற்றார். 2014-ல் ஹூஸ்டனுக்கு எதிராக 0.9 வினாடி மிச்சமிருக்கையில் பந்தை வாங்கி எறிந்து ஒரு சுற்றை முடித்தார். 2019-ல் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக 37 அடித் தூரத்திலிருந்து இன்னொன்றை முடித்தார். டிரெக்ஸ்லரைத் தாண்டி அணியின் அதிகப் புள்ளிக்காரரும் ஆனார்.

லில்லார்ட் வந்த மறு ஆண்டே, 10-வது இடத்தில், புள்ளி குவிக்கும் இன்னொரு கார்டான சி.ஜே. மக்கலமை எடுத்தார்கள். இரண்டு கார்டும் ஒரே மாதிரி, ஒரே உயரம் என்று முணுமுணுப்பு எழுந்தது. இருவரும் சேர்ந்துதான் 2019-ல் அணியை மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அந்த 2013 டிராஃப்டில் 15-வதாகப் போனவர் யானிஸ் அன்டெட்டோகும்போ என்று ஒரு ரசிகர் உடனே எழுந்து சொல்வார். சொல்லட்டும். அன்று 14 அணிகள் அவரை விட்டன. அதைப் போர்ட்லண்டின் தனிப் பாவமாக எழுத முடியாது.

ஆக, மூவரின் வழக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இப்படி வரும். ஓடனை மோசமான தேர்வுகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மார்ட்டின் இருக்கட்டும். போவி இருக்கட்டும், ஜோர்டனை விட்டதற்காக அல்ல, தெரிந்த காயத்தைத் தேவையின் அவசரத்தில் குறைத்து எடை போட்டதற்காக. பட்டியலின் தலைக்கு 2005 வர வேண்டும். நல்ல தேர்வுகளில் வால்டனைவிட டிரெக்ஸ்லருக்கும் லில்லார்டுக்கும் உயர்ந்த மதிப்பெண். முதலிடம் கையில் இருந்த யாரும் வால்டனை எடுத்திருப்பார்கள். மற்ற இருவரைப் பலர் பார்த்தும் விட்டார்கள்.

வழக்கு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2024-ல் போர்ட்லண்ட் ஏழாவது இடத்தில் டோனவன் கிளிங்கன் என்ற 7 அடி 2 அங்குல சென்டரை எடுத்தது. 2025-ல் 11-வது முறையை மெம்ஃபிஸுக்குக் கொடுத்து, 16-வது முறையையும் எதிர்காலத்து முறைகள் சிலவற்றையும் வாங்கியது. அந்த 16-வது இடத்தில் பொது மேலாளர் ஜோ குரோனின் எடுத்தவர் சீனாவின் யாங் ஹன்சன். இரண்டாவது சுற்றில்தான் போவார் என்று பலரும் கணித்திருந்த, ஏழடிக்கு மேற்பட்ட இன்னொரு சென்டர். இடம் காலியாக இல்லை. ஆனாலும் எடுத்தார்கள். 1984-ல் செய்ததற்கு நேர் எதிரான கணக்கு இது. தாத்தாவும் அப்பாவும் பேரனும் இந்த முறை மூன்று பக்கமாகப் பிரிந்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, யாங் எத்தனை புள்ளி எடுப்பார் என்பது அல்ல. மற்ற அணிகள் காணாத எதை அவரிடம் குரோனினின் ஆட்கள் அந்த இரவில் கண்டார்கள், அந்த மதிப்பீடு எதை வைத்துச் செய்யப்பட்டது என்பதுதான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பதில் டிரெக்ஸ்லரை எடுத்த இன்மனின் பதில் போலவும் இருக்கலாம், மார்ட்டினை எடுத்த இன்மனின் பதில் போலவும் இருக்கலாம்.